அமெரிக்கக் கால்பந்தில் ரிசீவர்: ஜெர்ரி ரைஸின் ஆட்டம் வழியாக ஓர் அறிமுகம்

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களின் கண்ணில் முதலில் படுபவர், பந்தை எறியும் குவாட்டர்பேக். தொலைக்காட்சிக் கேமரா அவரைத்தான் தொடர்கிறது. வர்ணனையாளர்களும் அவர் பெயரைத்தான் அடிக்கடி சொல்கிறார்கள். அவர் எறிந்த பந்து இருபது முப்பது மீட்டர் தள்ளி இன்னொருவர் கையில் போய் விழும்போதுதான் அந்த இன்னொருவரை நாம் கவனிக்கிறோம். தம்மை ஒட்டியே ஓடிவந்த தடுப்பாளரை விலக்கிவிட்டு, சரியாக அந்த இடத்துக்கு, அந்தக் கணத்தில் அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அவர்தான் ரிசீவர். பந்தைப் பிடிப்பது அவருடைய வேலையின் கடைசிப் பகுதி மட்டுமே. அதற்கு முன் நடக்கும் இரண்டு மூன்று விநாடி ஓட்டத்தில்தான் அவருடைய கலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்தக் கலையைப் புரிந்துகொள்ள ஜெர்ரி ரைஸின் வாழ்க்கையைவிட நல்ல பாடம் கிடையாது. அவர் 1985 முதல் 2004 வரை 20 பருவங்கள் அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து அமைப்பான என்.எஃப்.எல் போட்டிகளில் ஆடி, 1,549 முறை பந்தைப் பிடித்து, 22,895 யார்டு தூரத்தைத் தம் அணிகளுக்குச் சேர்த்துக் கொடுத்தார். ஒரு யார்டு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால் இது ஏறத்தாழ 21 கிலோமீட்டர். ஒவ்வோர் அடியையும் மறிக்க ஆள் நிற்கும் மைதானத்தில் சேர்த்த தூரம் இது. அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17 பருவங்கள் ஆடிச் சேர்த்தது 17,492 யார்டு. ஒரு பருவத்தில் 1,000 யார்டு எடுத்தாலே ரிசீவரை நல்ல ஆட்டக்காரர் என்று மதிக்கும் இந்த ஆட்டத்தில், இருவருக்கும் இடையே உள்ள 5,403 யார்டு என்பது ஐந்து நல்ல பருவங்களின் உழைப்பு. இத்தனைக்கும் ரைஸ் தம் காலத்து ரிசீவர்களில் மிக வேகமானவர் அல்லர். அதனால்தான் அவருடைய கதை கற்றுக்கொள்ள ஏற்றது. வேகத்தால் விளக்கிவிட முடியாத ஒரு வெற்றியை அதில் அருகிலிருந்து பார்க்கலாம்.

முதலில் ஆட்டத்தின் அடிப்படை. இரு கோல் கோடுகளுக்கும் இடையே மைதானத்தின் நீளம் 100 யார்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் 10 யார்டு ஆழத்தில் எண்ட் ஸோன் என்ற பகுதி இருக்கிறது. அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படுகின்றன. அந்த வாய்ப்பை டவுன் என்கிறார்கள். நான்கு டவுன்களுக்குள் குறைந்தது 10 யார்டு முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோய்விட்டால் அது டச்டவுன், 6 புள்ளிகள். முன்னேறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், அல்லது குவாட்டர்பேக் எறிய மற்றொருவர் பிடிக்கலாம். முதல் வழி பெரும்பாலும் மூன்று நான்கு யார்டு தரும். இரண்டாவது வழியில் ஒரே எறிதலில் அறுபது எழுபது யார்டுகூடக் கிடைக்கலாம். பந்து கை தவறித் தரையில் விழுந்துவிட்டால் ஒரு வாய்ப்பு வீணாகும், எதிரணிக்காரர் பிடித்துவிட்டால் பந்தே பறிபோகும்.

ரிசீவர் பெரும்பாலும் பக்கக் கோட்டுக்கு அருகே, மற்றவர்களிடமிருந்து விலகி நிற்பார். அவருக்கு எதிரே கார்னர்பேக் என்னும் தடுப்பாளர் நிற்பார். ஒவ்வொரு டவுனும் தொடங்கிய நொடியில் ரிசீவர் எந்தத் திசையில் எத்தனை யார்டு ஓடி, எங்கே திரும்ப வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும். அந்தப் பாதைக்கு ரூட் என்று பெயர். ரிசீவருக்கு அது தெரியும், தடுப்பாளருக்குத் தெரியாது. ரிசீவரிடம் இருக்கும் உண்மையான அனுகூலம் இது ஒன்றுதான். அதைப் பந்து வரும்வரை காட்டிக்கொடுக்காமல் காப்பதுதான் அவருடைய திறமை. பத்தாவது யார்டில் வலப்பக்கம் திரும்பப்போகிறவர் ஒன்பதாவது யார்டிலேயே தோளைச் சற்றுச் சாய்த்தாலோ, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலோ, அனுபவமுள்ள தடுப்பாளர் அதைப் படித்துவிடுவார்.

இன்னொரு நுட்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டருகே நிற்கும் ஃபீல்டர் உயர எழும்பிய பந்தைப் பார்த்து, அது விழப்போகும் இடத்தைக் கணித்து, அங்கே ஓடுகிறார். ரிசீவரின் நிலை இதற்கு நேர்மாறானது: பல நேரங்களில் அவர் திரும்புவதற்கு முன்பே பந்து குவாட்டர்பேக்கின் கையைவிட்டுக் கிளம்பிவிடுகிறது. குவாட்டர்பேக் பின்னோக்கி மூன்று அடியோ ஐந்து அடியோ எடுத்துவைத்து, கடைசி அடி ஊன்றியதும், ஆள் இல்லாத வெற்றிடத்தை நோக்கி எறிகிறார். ரிசீவர் தம் பாதையின் முனையில் திரும்பித் தலையை நிமிர்த்தும்போது பந்து அவரை நோக்கிப் பாதி தூரம் வந்திருக்கும். அவர் ஓர் அடி முன்னதாகத் திரும்பியிருந்தாலும், ஓர் அடி தாமதித்திருந்தாலும் அந்த எறிதல் வீண். ஆகவே ஒவ்வொரு முறையும், களைத்திருக்கும் கடைசி நிமிடத்திலும், அதே எண்ணிக்கையில் அடிவைத்து அதே இடத்தில் திரும்பும் ரிசீவரைத்தான் குவாட்டர்பேக் நம்புவார்.

ஜெர்ரி ரைஸ் 1962 அக்டோபர் 13 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டார்க்வில் நகரில் பிறந்து, அருகிலுள்ள கிராஃபர்டு என்ற சிற்றூரில் வளர்ந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். தந்தை ஜோ நேதன் ரைஸ் கொத்தனார். கோடைக்காலத்து வெயிலில் தந்தைக்கு உதவியாக மகன்களும் வேலைக்குப் போவார்கள்; சகோதரர் கீழிருந்து வீசும் செங்கற்களைச் சாரத்தின் மேல் நின்று பிடித்து அடுக்குவது ஜெர்ரியின் வேலை. தம் கைகள் உறுதியானதற்கு அந்தச் செங்கற்களைக் காரணமாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அமெரிக்க விளையாட்டு உலகில் இந்தச் செய்தி ஒரு கர்ண பரம்பரைக் கதைபோலவே ஆகிவிட்டது. செங்கல் பிடித்ததால் மட்டும் ஒருவர் ரிசீவர் ஆகிவிட மாட்டார். ஆனாலும், தவறவிட்டால் காலில் விழும் ஒரு பொருளை நாள் முழுவதும் கவனம் சிதறாமல் பிடித்த பழக்கம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் துணை நின்றது என்றே நினைக்கிறேன்.

அவர் கால்பந்துக்கு வந்ததும் தற்செயலாகத்தான். பி.எல். மூர் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது ஒருநாள் வகுப்புக்குப் போகாமல் வெளியே சுற்றிக்கொண்டிருந்தவர், பின்னாலிருந்து துணைத் தலைமையாசிரியரின் குரல் கேட்டதும் ஓட்டம் பிடித்தார். அவர் தண்டனை தந்தார், கூடவே பையனின் ஓட்டத்தைப் பற்றிக் கால்பந்துப் பயிற்சியாளரிடமும் சொல்லிவைத்தார். மகன் அடிபடும் ஆட்டத்தில் சேர்வது தாய்க்கு முதலில் விருப்பமில்லை. மகனின் பிடிவாதம் வென்றது.

பெரிய பல்கலைக்கழகங்கள் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. மிசிசிப்பி டெல்டா பகுதியின் இட்டா பீனா என்ற சிற்றூரில் உள்ள, கறுப்பின மாணவர்களுக்காக நிறுவப்பட்ட மிசிசிப்பி வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தார். அதன் பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி, எறிதல் ஆட்டத்தில் எல்லை கடந்த நம்பிக்கை வைத்திருந்தவர். ஒரே பக்கத்தில் பல ரிசீவர்களை வரிசையாக நிறுத்துவது, அணியினர் கூடிப் பேசாமலே அடுத்த டவுனைத் தொடங்கி எதிரணியைத் திணறடிப்பது என்று, பெரிய அணிகள் பல ஆண்டுகள் கழித்துக் கைக்கொண்ட உத்திகளை அவர் அப்போதே ஆடவைத்தார். பந்தை எறிந்தவர் வில்லி டாட்டன். 1984 பருவத்தில் அந்த அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 60 புள்ளிகளுக்குமேல் குவித்தது. ரைஸ் மட்டும் 27 டச்டவுன்களுக்குப் பந்தைப் பிடித்தார். இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்கு ரைஸ், டாட்டன் இருவரின் பெயரும் சூட்டப்பட்டுள்ளது.

இத்தனை செய்தும் என்.எஃப்.எல் அணிகளுக்கு அவர்மீது ஐயம் இருந்தது. கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். அதற்கு முன் 40 யார்டு ஓட்டத்தை எத்தனை விநாடியில் முடிக்கிறார் என்று ஒவ்வொருவரையும் அளப்பார்கள். ரைஸின் நேரம் அசத்தும்படி இல்லை. எதிர்த்து ஆடிய கல்லூரிகளும் பெரியவை அல்ல என்பது இரண்டாவது குறை. ஆனால் சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணியின் பயிற்சியாளர் பில் வால்ஷ், 1984இல் ஓர் ஆட்டத்துக்காக ஹியூஸ்டன் போயிருந்தபோது, விடுதி அறைத் தொலைக்காட்சியில் ரைஸின் ஆட்டத் துணுக்குகளைப் பார்த்திருந்தார். கடிகாரம் அளந்த வேகமும் பந்தோடு மைதானத்தில் தெரிந்த வேகமும் வெவ்வேறு என்பது அவருக்குப் புரிந்தது. அந்த ஆண்டின் வாகையர் என்பதால் 49அர்ஸுக்குக் கிடைத்தது முதல் சுற்றின் கடைசியான 28ஆவது வாய்ப்பு. அதோடு மேலும் தேர்வுரிமைகளைச் சேர்த்து நியூ இங்கிலாந்து அணியிடம் கொடுத்து 16ஆவது இடத்துக்கு முன்னேறி, 1985இல் வால்ஷ் ரைஸை எடுத்தார். அவருக்கு முன்பே அல் டூன், எடி பிரவுன் என்ற இரண்டு ரிசீவர்களை மற்ற அணிகள் எடுத்துவிட்டிருந்தன.

வால்ஷின் ஆட்டமுறை ரைஸுக்காகவே அமைந்ததுபோல் இருந்தது. சின்சினாட்டி அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில், நெடுந்தொலைவு எறிய வலுவில்லாத ஒரு குவாட்டர்பேக்கை வைத்துக்கொண்டு அவர் உருவாக்கிய முறை அது. பந்தைத் தொலைவுக்கு எறியாமல், ஐந்து பத்து யார்டு தூரத்துக்குள் விரைவாகவும் துல்லியமாகவும் எறிந்து, பிடித்தவர் ஓடித் தூரத்தைச் சேர்க்கட்டும் என்பதே அதன் சாரம். பின்னாளில் அதற்கு வெஸ்ட் கோஸ்ட் முறை என்ற பெயர் நிலைத்தது. அடிக்கணக்கு பிசகாமல் ஓடும் ரிசீவரும், பிடித்த பிறகு நிற்காமல் பாயும் ரிசீவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் அந்த முறை முழுப் பலன் தரும்.

அந்த முறையின் உயிர்நாடியான ரூட் ஸ்லாண்ட். ரிசீவர் இரண்டு மூன்று அடி நேராக ஓடி, வெளிக்காலை அழுத்தி ஊன்றி, சட்டென்று மைதானத்தின் நடுப்பகுதியை நோக்கிச் சாய்கோட்டில் வெட்டித் திரும்புவார். எழுதிக் காட்டினால் குழந்தைகூட ஓடிவிடும் போலத் தோன்றும். ஆனால் அந்த வெட்டில் வேகம் குறையக் கூடாது. தடுப்பாளரின் உடலுக்கும் பந்துக்கும் நடுவே ரிசீவரின் உடல் இருக்க வேண்டும். ஓட்டத்தை நிறுத்தாமல், மார்புக்கு முன்னால் கைநீட்டிப் பந்தைப் பிடிக்க வேண்டும். ரைஸின் பழைய ஆட்டப் பதிவுகளில் இதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், பிடிப்பதற்கு முந்தைய அடிக்கும் பிந்தைய அடிக்கும் வேறுபாடே தெரியாது. தடுப்பாளர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் இரண்டு பேரைக் கடந்திருப்பார். ஆறு யார்டு எறிதல் அறுபது யார்டு ஆகிவிடும்.

தொடக்கம் இப்படிச் சீராக இல்லை. முதல் பருவத்தின் முற்பகுதியில் அவர் கைக்கு வந்த பந்துகளை அடுத்தடுத்துத் தவறவிட்டார். சொந்த மைதானத்து ரசிகர்களே கூச்சலிட்டுக் கண்டித்தார்கள். சிறிய கல்லூரியில் பாதை எளிது. இங்கே தடுப்பாளரின் அசைவைப் பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதையை மாற்ற வேண்டியிருந்தது. மனம் அந்தக் கணக்கில் இருக்கும்போது கை பிசகியது. டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு எதிராக 10 பந்துகளைப் பிடித்து 241 யார்டு சேர்த்த இரவில், அணி தோற்றபோதும், ரைஸ் யார் என்பது நாட்டுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே 1,570 யார்டும் 15 டச்டவுனும் எடுத்து இரண்டிலும் முதலிடம் பிடித்தார். ஆனால் அந்தப் பருவத்தின் முடிவில், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு எதிரான நாக்-அவுட் ஆட்டத்தில், ஸ்லாண்ட் ரூட்டில் பந்தைப் பிடித்து, முன்னால் ஒருவரும் இல்லாமல் எண்ட் ஸோனை நோக்கி ஓடிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து, யாரும் தொடாமலே பந்து நழுவி விழுந்தது. 49அர்ஸ் 49–3 என்ற கணக்கில் நொறுங்கியது. ஒருமுறை நழுவியதால் மட்டும் அவ்வளவு பெரிய தோல்வி வந்துவிடாது. ஆயினும் ரைஸ் அதை எளிதில் மறக்கவில்லை.

அடுத்து வந்தது 1987 பருவம். ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் ரைஸ் ஆடியது 12 ஆட்டங்கள்தாம். அவற்றில் 22 டச்டவுன் பிடித்தார். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் பிடித்தது 11. அந்தச் சாதனையை 2007இல் ராண்டி மாஸ் 23 எடுத்து முறியடித்தார், அதற்கு அவருக்கு 16 ஆட்டங்கள் தேவைப்பட்டன. ஒரு தனிப் பருவத்தின் ஆதிக்கம் என்று எடுத்துக்கொண்டால், என் கணிப்பில் இதற்கு இணையாக இன்னொரு ரிசீவரின் பருவத்தைச் சொல்ல முடியாது.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது பயிற்சி. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, எட்ஜ்வுட் பூங்காவில் ஏறத்தாழ இரண்டரை மைல் நீளும் மேட்டுப் பாதை ஒன்றுண்டு. பருவம் இல்லாத மாதங்களில், மற்றவர்கள் ஓய்வெடுக்கும்போது, ரைஸ் அந்த மேட்டில் ஓடினார். அணித்தோழர் ரோஜர் கிரெய்கும் உடன் ஓடுவார். அவரோடு சேர்ந்து பயிற்சி செய்ய வந்த இளம் ஆட்டக்காரர்கள் பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட கதைகள் ஏராளம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அணிப் பயிற்சியில் அவர் கடைப்பிடித்த ஒரு பழக்கம். பயிற்சியில் ஐந்து யார்டு பந்தைப் பிடித்தாலும், மற்றவர்களைப் போலப் பந்தைத் திருப்பி எறிந்துவிட்டு வரிசைக்கு வராமல், எண்ட் ஸோன் வரை முழு வேகத்தில் ஓடிவிட்டுத்தான் திரும்புவார். பிடித்த பிறகு ஓடுவது அவருக்குத் தனியொரு முடிவாக இல்லாமல், பிடிப்பதன் தொடர்ச்சியாகவே ஆகிவிட்டது. ஆட்டத்தின் கடைசியான நான்காம் பாகத்தில், தடுப்பாளர்களின் கால்கள் கனக்கத் தொடங்கும்போது, இந்தப் பழக்கத்தின் பலன் கண்கூடாகத் தெரியும்.

1989 ஜனவரி 22 அன்று மயாமியில் நடந்த 23ஆவது சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் அதைக் காட்டியது. எதிரணி சின்சினாட்டி பெங்கால்ஸ். வால்ஷ் தம் ஆட்டமுறையை வடிவமைத்த அதே ஊரின் அணி. அதன் பயிற்சியாளர் சாம் வைச் வால்ஷின் கீழ் வேலை செய்தவர். நான்காம் பாகத்தின் தொடக்கத்தில் 49அர்ஸ் 13–6 என்று பின்தங்கியிருந்தபோது, குவாட்டர்பேக் ஜோ மொன்டானா எறிந்த பந்தை ரைஸ் பக்கக் கோட்டையொட்டிப் பிடித்தார். தடுப்பாளர் அவரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். உடல் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போதே பந்தை மட்டும் கைநீட்டி எண்ட் ஸோன் மூலைக்கு மேலாகக் கொண்டுபோனார். கால் வெளியே படுவதற்கு முன் பந்து கோல் கோட்டைக் கடந்துவிட்டால் போதும் என்பது விதி. டச்டவுன், ஆட்டம் சமநிலைக்கு வந்தது.

பிறகு பெங்கால்ஸ் 16–13 என்று முந்தியது. மூன்று நிமிடங்களும் சில விநாடிகளும் மிஞ்சியிருக்க, 49அர்ஸுக்குத் தம் சொந்த 8 யார்டு கோட்டில் பந்து கிடைத்தது. கடக்க வேண்டிய தூரம் 92 யார்டு. சின்னச் சின்ன எறிதல்களால் பாதி மைதானத்தைக் கடந்த நிலையில், ஒரு விதிமீறலுக்கான தண்டனையால் பந்து பின்னுக்குப் போய், இரண்டாவது டவுனில் இன்னும் 20 யார்டு தேவைப்படும் நெருக்கடி வந்தது. மொன்டானா ரைஸைத் தேடினார். மைதானத்தின் நடுவே, தடுப்பாளர்கள் சூழ்ந்த இடத்தில் ரைஸ் பந்தைப் பிடித்து, அவர்களைக் கடந்து ஓடி, 27 யார்டு சேர்த்தார். எதிரணியின் 18 யார்டு கோட்டுக்கு வந்தாகிவிட்டது. கடைசி எறிதலின்போது ரைஸ் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்து தடுப்பாளர்களின் கவனத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். 34 விநாடி எஞ்சியிருக்க, அணியின் மற்றொரு ரிசீவரான ஜான் டெய்லர் எண்ட் ஸோனில் பந்தைப் பிடித்தார். 20–16. ரைஸ் அன்று எடுத்தது 11 பந்துகளில் 215 யார்டு. ஆட்ட நாயகன் விருது அவருக்கே. வெற்றியைத் தந்த கடைசி எறிதல் அவருக்கு வரவே இல்லை என்பதைத் தொடக்கநிலைப் பார்வையாளர்கள் கவனிக்க வேண்டும்: பந்து வராதபோதும் எதிரணியை அசையவைக்கிற ரிசீவரே முழுமையான ரிசீவர்.

அந்த ஆட்டத்தோடு வால்ஷ் 49அர்ஸ் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். அணி தளரவில்லை, அடுத்த ஆண்டு டென்வர் அணியை 55–10 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் ரைஸ் மூன்று டச்டவுன் பிடித்தார். பிறகு மொன்டானாவின் இடத்துக்கு ஸ்டீவ் யங் வந்தார். மொன்டானா வலக்கைக்காரர், யங் இடக்கைக்காரர். இடக்கையால் எறிந்த பந்து எதிர்த்திசையில் சுழன்று வரும், கைக்குள் விழும் விதமும் மாறும். பல ஆண்டுகள் ஒரே சுழற்சிக்குப் பழகிய கைகளை ரைஸ் மீண்டும் பழக்கிக்கொண்டார். யங் எறிந்து ரைஸ் பிடித்த டச்டவுன்கள் மட்டும் 85. மொன்டானாவோடு 55. 1995 ஜனவரியில் சான் டியேகோ அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் தோள்பட்டைக் காயத்தோடு ஆடி, மீண்டும் மூன்று டச்டவுன். அதே ஆண்டின் அடுத்த பருவத்தில், 33 வயதில், 122 பந்துகளைப் பிடித்து 1,848 யார்டு எடுத்தார். ஒரு பருவத்துக்கான அந்தச் சாதனையை 2012இல்தான் கால்வின் ஜான்சன் முறியடித்தார்.

1992இல், 100 டச்டவுன் பிடித்த ரிசீவர் ஸ்டீவ் லார்ஜென்டின் சாதனையை ரைஸ் தாண்டினார். 1994 செப்டம்பரில், ஜிம் பிரவுன் பல ஆண்டுகளாக வைத்திருந்த 126 மொத்த டச்டவுன்கள் என்ற எல்லையையும் கடந்தார். பிரவுன் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக். ஓர் ஆட்டத்தில் இருபது முறைகூட அவர் கையில் பந்து வரும். ஐந்தாறு முறை மட்டுமே பந்தைத் தொடும் ஒரு ரிசீவர் அவரைத் தாண்டியது ஏன் வியப்புக்குரியது என்பது இந்த வேறுபாட்டை அறிந்தால் விளங்கும்.

முழங்கால் ஒருமுறை அவரைத் தடுத்தது. 1997 ஆகஸ்ட் 31 அன்று டாம்பாவில் நடந்த பருவத்தின் முதல் ஆட்டத்தில், இடது முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. அதுவரை காயத்தால் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் தவறவிட்டதில்லை. குணமாக ஓராண்டு ஆகலாம் என்று பொதுவாகச் சொல்லப்படும் காயத்திலிருந்து அவர் மூன்றரை மாதத்தில் திரும்பி வந்து, டிசம்பர் 15 அன்று டென்வருக்கு எதிராக டச்டவுன் பிடித்தார். பிடித்துக் கீழே விழுந்த வேகத்தில் முழங்கால் சில்லு உடைந்தது. அவசரப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் 1998இல் 36 வயதில் மீண்டும் 1,157 யார்டு எடுத்தார்.

2001இல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணிக்குப் போனார். பெரும்பாலான ரிசீவர்கள் 32, 33 வயதில் சரிகிறார்கள். ஏனெனில் முதலில் போவது வேகம். வேகத்தையே முதலீடாக வைத்திருந்தவர்களுக்கு அது போனபின் கையிருப்பு எதுவும் இல்லை. ரைஸின் முதலீடு அடிக்கணக்கிலும் திருப்பத்திலும் இருந்ததால் வயது அவரிடம் மெதுவாகவே வசூலித்தது. 40 வயதை எட்டிய 2002 பருவத்தில் 92 பந்துகளில் 1,211 யார்டு எடுத்து, அணியோடு இறுதி ஆட்டத்துக்கும் போனார். ரெய்டர்ஸ் தோற்றாலும் அவர் அதில் ஒரு டச்டவுன் பிடித்தார். நான்கு சூப்பர் பவுல்களில் சேர்த்து 33 பந்துகள், 589 யார்டு, 8 டச்டவுன்கள். தொடர்ந்து 274 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு ஒரு பந்தாவது பிடித்துவந்த வரிசை 2004 செப்டம்பரில் அறுந்தது. அந்த ஆண்டே சியாட்டில் அணிக்கு மாறினார். 2005இல் டென்வர் அணியோடு பயிற்சிக்குச் சென்று, பருவம் தொடங்குமுன் ஓய்வை அறிவித்தார். 2006இல் 49அர்ஸ் வீரராகவே விடைபெற வேண்டும் என்பதற்காக ஒருநாள் ஒப்பந்தம் போடப்பட்டது. அதில் எழுதப்பட்ட தொகை 1,985,806.49 டாலர்: அணியில் சேர்ந்த 1985, சட்டை எண் 80, விடைபெறும் ஆண்டு 06, அணியின் பெயரில் உள்ள 49. பணம் எதுவும் கைமாறவில்லை.

அவருடைய பெயரில் ஒரு கறையும் உண்டு, அதை மறைப்பது சரியன்று. ஆடிய காலத்தில் கையுறையில் ஒட்டும் பசையைச் சிறிது தெளித்துக்கொண்டதாக 2015இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பசையை என்.எஃப்.எல் 1981லேயே தடை செய்திருந்தது. எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அவர் மன்னிப்புக் கேட்டதோடு, எல்லோரும் செய்ததுதான் என்றும் சொன்னார். சமகாலத்தவர் சிலர் அதை ஏற்கவில்லை. பந்து கையில் ஒட்டுவதற்குப் பசை உதவியிருக்கலாம். தடுப்பாளரிடமிருந்து மூன்று அடி விலகி, பந்து வரும் இடத்தில் சரியான கணத்தில் நிற்பதற்குப் பசை உதவாது. அவருடைய ஆட்டத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆயினும் விதி விதிதான்.

2010 ஆகஸ்டில் ஒஹாயோவின் கான்டன் நகரில் உள்ள, சிறந்த கால்பந்து ஆட்டக்காரர்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் சேர்க்கப்பட்டார். தோற்றுவிடுவோமோ என்ற பயமே தம்மை இயக்கிய விசை என்று அன்றைய உரையில் குறிப்பிட்டார். அடுத்த மாதமே 49அர்ஸ் அவருடைய 80 என்ற எண்ணை வேறு யாரும் அணியாதபடி ஓய்வுபெறச் செய்தது. இன்றைய என்.எஃப்.எல் எறிதல் ஆட்டத்துக்கு மிகவும் சாதகமாக மாறிவிட்டது; பருவத்துக்கு 17 ஆட்டங்கள் ஆகிவிட்டன, தடுப்பாளர்கள்மீது கட்டுப்பாடுகள் கூடியிருக்கின்றன, அணிகள் முன்பைவிட அதிகம் எறிகின்றன. ஒரு பருவச் சாதனைகள் பலவும் அதனால் கைமாறின. மொத்தப் பந்துகள், மொத்த யார்டு, 197 பிடித்த டச்டவுன்கள் என்ற மூன்றும் இன்னும் ரைஸிடமே இருக்கின்றன.

இந்த ஆட்டத்தைப் பார்க்கப் பழக விரும்புகிறவர்கள், ஒவ்வொரு டவுனும் தொடங்கும் நொடியில் பந்தை விட்டுவிட்டு, பக்கக் கோட்டருகே நிற்கும் ரிசீவரின் இடுப்பையும் பாதத்தையும் பார்க்க முயலலாம். நேரடி ஒளிபரப்பில் அவர் ஓரிரு விநாடியில் திரையைவிட்டு வெளியேறிவிடுவார். ஆகவே மேலிருந்து 22 பேரையும் ஒருசேரக் காட்டும் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது நல்லது. முதலில் ஸ்லாண்ட் ரூட்டை அடையாளம் காணப் பழகினால் போதும். எத்தனையாவது அடியில் வெளிக்கால் ஊன்றப்படுகிறது, அப்போது தடுப்பாளரின் எடை எந்தக் காலில் இருக்கிறது, பந்து கிளம்பியது அதற்கு முன்பா பின்பா என்ற மூன்றையும் ஒரே தடவையில் பார்க்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் பதிவை ஒருமுறை பின்னோக்கி ஓட்ட வேண்டியிருக்கும்.